ஷியாடு தீவிபத்தும் மறுகட்டுமானமும் (லிஸ்பன், 1988)

ஷியாடு, போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் உள்ள பழைய வணிக, குடியிருப்புப் பகுதி. 1988 ஆகஸ்ட் 25 அதிகாலையில் இங்கு ஏற்பட்ட தீவிபத்தில் 18 கட்டடங்கள் அழிந்தன. அவற்றுள் பல, கீழே கடையும் மேலே வீடுகளுமாக 18-ஆம் நூற்றாண்டின் முறைப்படி எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்கள். கட்டடக்கலைஞர் அல்வாரோ சிசாவின் திட்டப்படி இப்பகுதி மீண்டும் கட்டப்பட்டது. வரலாற்றுச் சிறப்புள்ள நகரக் குடியிருப்புகளைத் தீக்குப் பின் எவ்வாறு மீட்பது என்ற விவாதங்களில் ஷியாடு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அந்த மீட்பு முழு வெற்றியா என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை.

பின்னணி: தீயிலிருந்து பிறந்த கட்டடங்கள்

எரிந்துபோன கட்டடங்களின் வகையே ஒரு பெருந்தீக்குப் பின் உருவானது. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா நாள். காலையில் லிஸ்பனை நிலநடுக்கம் தாக்கியது. அதைத் தொடர்ந்து டேகஸ் ஆற்றின் வழியாக ஆழிப்பேரலை நகருக்குள் புகுந்தது. ஆலயங்களில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளிலிருந்தும் வீட்டு அடுப்புகளிலிருந்தும் பரவிய தீ பல நாட்கள் அணையவில்லை. நிலநடுக்கத்தில் தப்பிய வீடுகளையும் தீ விட்டுவைக்கவில்லை.

பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற அமைச்சர் நகரை மீண்டும் எழுப்பும் பொறுப்பை ஏற்றார். தலைமைப் பொறியாளர் மனுவேல் த மாயாவுக்கு அப்போது 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய வழிகாட்டலில் யூஜெனியோ தோஸ் சாந்தோஸ், ஹங்கேரியரான கார்லோஸ் மார்டெல் ஆகியோர் திட்டங்களை வரைந்தனர். ஆற்றங்கரையை ஒட்டிய பைஷா பகுதியில் நேரான தெருக்களும் ஒரே மாதிரியான முகப்புகளும் வந்தன. அதே கட்டுமான முறை பக்கத்து மேடான ஷியாடுக்கும் சென்றது. கதவு, சன்னல், படிக்கட்டு எல்லாவற்றுக்கும் அளவு வகுக்கப்பட்டதால் பாகங்களை வேறிடத்தில் செய்து கொண்டுவந்து பொருத்த முடிந்தது. இவை ‘பொம்பால் பாணிக் கட்டடங்கள்’ எனப்படுகின்றன.

இக்கட்டடங்களின் உண்மையான புதுமை வெளியே தெரியாது. தரைத்தளம் கல் வளைவுகளால் ஆனது. அதற்கு மேல் உள்சுவர்களுக்குள் மரச்சட்டகம் ஒன்று தொடர்ந்து எழுகிறது. நிமிர்ந்தும் கிடந்தும் செல்லும் மரங்களுக்கு இடையே குறுக்குமரங்கள் பெருக்கல் குறி வடிவில் இணைக்கப்பட்டிருக்கும். இடைவெளிகளைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் நிரப்ப, மேலே பூச்சு மூடிவிடும். போர்ச்சுகீசியர் இதைக் கூண்டு என்னும் பொருளில் ‘கையோலா’ என்கின்றனர். நிலம் ஆடும்போது காரையும் கல்லும் உதிர்ந்தாலும் மரக்கூண்டு வளைந்து நிற்கும் என்பது கணக்கு. மாதிரி ஒன்றைக் கட்டி அதைச் சுற்றிப் படைவீரர்களை அணிநடை போடவைத்துச் சோதித்ததாகச் சொல்லப்படுகிறது.

மரத்தை இவ்வளவு நம்பியவர்கள் தீயை மறக்கவில்லை. அடுத்தடுத்த கட்டடங்களுக்கு இடையே கல்லால் ஆன தீத்தடுப்புச் சுவர்கள் கூரைக்கு மேலும் உயர்ந்து நின்றன. ஒரு வீடு எரிந்தால் அடுத்த வீட்டுக்குத் தீ தாவக்கூடாது என்பதே நோக்கம். 233 ஆண்டுகளுக்குப் பின் அந்த ஏற்பாடு ஏன் பயன்படவில்லை என்பதில்தான் ஷியாடு தீயின் பாடம் பெரிதும் அடங்கியிருக்கிறது.

1988 தீ

19-ஆம் நூற்றாண்டில் ஷியாடு லிஸ்பனின் நாகரிக மையமானது. புத்தகக் கடைகள், தேநீர் விடுதிகள், நகைக்கடைகள், துணிக்கடைகள் நிறைந்தன. 1894-ல் ஷியாடு பேரங்காடியும், 1907-ல் பாரிஸின் பிரேந்தாம் அங்காடியை முன்மாதிரியாகக் கொண்ட கிராண்டெல்லா அங்காடியும் திறக்கப்பட்டன. வணிகம் பெருகப் பெருகக் கட்டடங்கள் உள்ளுக்குள் மாறின. கடைகளை விரிக்கச் சுவர்கள் அகற்றப்பட்டன, மாடிகள் கூட்டப்பட்டன, வீடுகள் அலுவலகங்களாகவும் சரக்கறைகளாகவும் ஆயின. பகலில் கூட்டம் நெரியும் தெருக்கள் இரவில் பெரும்பாலும் ஆளில்லாமல் கிடந்தன.

தீ அதிகாலை 5 மணியளவில் கார்மோ தெருவில் இருந்த கிராண்டெல்லா அங்காடியில் தெரிந்தது. எளிதில் எரியும் சரக்குகளும், தடுப்பில்லாத உயரமான உட்புறமும் அதை வேகமாக வளர்த்தன. சில ஆண்டுகளுக்கு முன் கார்மோ தெருவை நடைபாதையாக மாற்றியபோது நடுவில் கட்டிய மேடைகளும் பூந்தொட்டித் திட்டுகளும் தீயணைப்பு வண்டிகளின் வழியை மறித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் போராடினர். ஷியாடு பேரங்காடியும் எரிந்தது. 1635-ல் தொடங்கிய பட்டாலா நகைக்கடை, ஃபெராரி இனிப்பகம், வாலெந்திம் த கர்வால்யு இசைத்தட்டு நிறுவனத்தின் கடை ஆகியவை அழிந்தவற்றுள் சில. 2 பேர் உயிரிழந்தனர். காயமடைந்த 73 பேரில் பெரும்பாலோர் தீயணைப்பு வீரர்கள். ஏறக்குறைய 300 பேர் வீடிழந்தனர், சுமார் 2,000 பேர் வேலையிழந்தனர்.

தீயின் காரணம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. ஆனால் அது பரவிய காரணம் தெளிவு. தீத்தடுப்புச் சுவரில் வாசல் திறந்தபின் அது வெறும் சுவர்தான். பொம்பால் காலப் பொறியாளர்களின் திட்டம் தோற்றது என்பதைவிட, அது இரண்டு நூற்றாண்டுகளில் சிறிது சிறிதாகக் கலைக்கப்பட்டது என்பதே பொருத்தம்.

எஞ்சியது என்ன?

தீ அணைந்தபோது பல இடங்களில் முகப்புச் சுவர்கள் மட்டும் நின்றன. கூரையும் தளங்களும் மரக்கூண்டும் போய்விட்டதால் அவற்றைப் பின்னாலிருந்து பிடிக்க எதுவும் இல்லை. மரத்தளங்கள் சுமை தாங்குவதோடு எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடிக்கும் வேலையையும் செய்கின்றன. அவை எரிந்தால் சுவர் தனித்து நிற்கும் பலகைபோல் ஆகிவிடும். சுண்ணக்கல்லோ கடும் வெப்பத்தில் வெடிக்கும், பொடியும். எனவே எஃகுச் சட்டங்களால் முட்டுக்கொடுத்து முகப்புகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த முட்டுகளோடு நின்ற காலி முகப்புகள் பல ஆண்டுகள் லிஸ்பன் மக்களின் அன்றாடக் காட்சியாக இருந்தன.

சிசாவின் திட்டம்

லிஸ்பன் மேயர் குரூஸ் அபெகாசிஸ் மறுகட்டுமானத் திட்டத்தை அல்வாரோ சிசாவிடம் ஒப்படைத்தார். 1933-ல் பிறந்த சிசா லிஸ்பன்காரர் அல்லர், வடக்கே போர்ட்டோவில் பணியாற்றியவர். 1974 புரட்சிக்குப் பின் ஏழை மக்களுக்கான குடியிருப்புத் திட்டங்களிலும், எவோரா நகரின் மலகெய்ரா குடியிருப்பிலும் அவர் பெயர் பெற்றிருந்தார். நவீனக் கட்டடக்கலைஞர் என்பதால் அவர் துணிச்சலான புதிய கட்டடங்களை எழுப்புவார் எனப் பலர் எதிர்பார்த்தனர், சிலர் அஞ்சினர்.

இரண்டும் நடக்கவில்லை. பைஷாவும் ஷியாடும் தனித்தனிக் கட்டடங்களின் கூட்டம் அல்ல, ஒரே பெரிய கட்டடம்போலத் திட்டமிடப்பட்டவை என்பது சிசாவின் பார்வை. எரிந்தது அதன் ஒரு துண்டு. அந்தத் துண்டில் மட்டும் தம் முத்திரையைப் பதிப்பது பொருந்தாது என்று கருதினார். நிற்கும் முகப்புகளைக் காக்கவும், விழுந்தவற்றைப் பழைய ஒழுங்கிலேயே எழுப்பவும் முடிவாயிற்று. உள்ளே வலுவூட்டிய கான்கிரீட் சட்டகம் வந்தது.

அவருடைய கவனம் முகப்பைவிட உள்ளேயும் பின்னேயும் இருந்தது என்பது திட்டத்தைப் பார்த்தால் புரியும். மேல்மாடிகளில் மீண்டும் வீடுகள் வரவேண்டும் என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. கடைகளும் அலுவலகங்களும் மட்டும் திரும்பினால் இரவில் தெரு மறுபடியும் காலியாகும். அடுத்ததாக, கட்டடத் தொகுதிகளின் நடுவே காலப்போக்கில் அடைக்கப்பட்டுப்போன முற்றங்களைத் திறந்தார். கரெட் தெருவிலிருந்தும் கார்மோ தெருவிலிருந்தும் வளைவு வழிகள், படிக்கட்டுகள் வழியாக யாரும் அந்த முற்றங்களுக்குள் செல்லலாம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே நடந்துசெல்லும் புதிய இணைப்புகள் இவ்வாறு கிடைத்தன.

1992-ல் சிசாவுக்குக் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. வேலையோ மெதுவாகவே நகர்ந்தது. பைஷா–ஷியாடு மெட்ரோ நிலையம், அதுவும் சிசாவின் வடிவமைப்பே, 1998-ல் திறக்கப்பட்டது. அதன் ஒரு வாயில் பள்ளத்திலும் மற்றொன்று மேட்டிலும் உள்ளன. லிஸ்பன்வாசிகள் பலர் ரயில் ஏறாமலேயே அதன் நகரும் படிக்கட்டுகளை மேடேறும் வழியாகப் பயன்படுத்துகின்றனர். ஷியாடு பேரங்காடி, மேலே விடுதியும் கீழே கடைகளுமாக 1999-ல் மீண்டும் திறந்தது.

விமர்சனங்கள்

தெருவில் நின்று பார்ப்பவருக்குத் தீ நடந்ததே தெரியாது. சிலருக்கு இதுவே பாராட்டு, சிலருக்கு இதுவே குறை. பொம்பால் பாணியின் உயிர் மரக்கூண்டில் இருக்கிறது, கான்கிரீட்டின்மேல் ஒட்டிய பழைய முகப்பு தோல் மட்டுமே என்பது கூண்டின் பக்கம் நின்றவர்களின் வாதம். ஷியாடைப் பொறுத்தவரை இவ்வாதத்துக்கு ஓரளவே இடமுண்டு, ஏனெனில் கூண்டுகளைக் கழற்றியது தீ, சிசா அல்ல. ஆனால் பின்னர் லிஸ்பனில் தீயே காணாத பொம்பால் கட்டடங்களிலும் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே அனைத்தையும் இடிக்கும் வழக்கம் பரவியது. அங்கே அந்த விமர்சனம் முழுமையாகப் பொருந்தும். ஒரே தொகுதியில் மரக்கூண்டுக் கட்டடமும் விறைப்பான கான்கிரீட் கட்டடமும் ஒட்டிநின்றால் நிலநடுக்கத்தில் வேறுவேறு விதமாக ஆடும் என்பது பொறியாளர்களின் கவலை. ‘பொம்பால் லிஸ்பன்’ 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

குடியிருப்பு பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. மேல்மாடிகளில் வீடுகள் வந்தன, ஆனால் மையப்பகுதியின் விலை ஏறியது. சுற்றுலா பெருகியபின் ஷியாடு, நகரின் விலைமிக்க பகுதிகளுள் ஒன்றானது. 1988-ல் இங்கே வாடகைக்கு இருந்த எளிய குடும்பங்கள் போன்றவர்களால் இன்று இந்த வீடுகளுக்கு வாடகை கொடுப்பது அரிது. முகப்புகளுக்கும் முற்றங்களுக்கும் வழிகாட்டிய திட்டத்தால் வாடகையைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

கார்மோ மாடங்கள்

சிசாவின் திட்டத்தில் நெடுநாள் நிறைவேறாதிருந்த பகுதி, முற்றத்திலிருந்து மேலே கார்மோ மடாலயம்வரை செல்லும் வழி. கார்மோ மாடங்கள் என்னும் இத்திறந்தவெளி 2015-ல், தீ நடந்து 27 ஆண்டுகளுக்குப் பின், மக்களுக்குத் திறக்கப்பட்டது. மேலே நிற்கும் மடாலய ஆலயமும் 1755-ன் நிலநடுக்கத்திலும் தீயிலும் சிதைந்ததுதான். அதைத் திரும்பக் கட்டும் வேலை தொடங்கி, 1834-ல் துறவுச் சபைகள் கலைக்கப்பட்டபோது நின்றுபோனது. அதன் நடுக்கூடத்துக்கு அதன்பின் யாரும் கூரை போடவில்லை. கல்வளைவுகள் வானத்தை நோக்கித் திறந்தபடி, தொல்லியல் அருங்காட்சியகமாக நிற்கின்றன.