மாதுளம்பழம் அழியாத பெட்டி

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஓர் எழுத்துப் பெட்டி இருக்கிறது. அகலம் சுமார் 40 சென்டிமீட்டர், உயரம் 25. மடியில் வைத்துக்கொள்ளச் சற்றுப் பெரியது. ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். மூடி வைத்திருந்தால் யாரும் அதன்முன் நின்று பார்க்க மாட்டார்கள். திறந்தால்தான் அது இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் உடைமை என்று தெரியும்.

வால்நட், ஓக் மரங்களால் செய்த உடல். உள்ளே தோல் ஒட்டி, அதன்மேல் வண்ணமும் பொன்னும் தீட்டியிருக்கிறார்கள். மூடியின் உட்புறம் அரச குலச்சின்னம். எக்காளம் ஊதும் குழந்தைகள் அதைத் தாங்குகிறார்கள். ஒருபக்கம் போர்க்கடவுள் மார்ஸ், மறுபக்கம் வீனஸ். ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் புர்க்மையர் 1510-இல் வெளியிட்ட மரச்செதுக்குப் படங்களைப் பார்த்து வரைந்த உருவங்கள் இவை. தன் அடியவனான ஹென்றிக்குப் பகைவர்மீது வெற்றி தரும்படி கடவுளை வேண்டும் லத்தீன் வரிகளும் உண்டு.

பெட்டி உருவான காலம் 1525-ஐ ஒட்டியது. கெண்ட் நகரத்து ஓவியர் லூகஸ் ஹோரன்பௌட் அந்த ஆண்டில்தான் ஹென்றியின் சம்பளப் பட்டியலில் முதன்முதலாகத் தென்படுகிறார். சுவடிகளில் நுண்ணிய படம் தீட்டும் குடும்பத்தில் பிறந்தவர். இந்தப் பெட்டியின் ஓவியங்களை அவருடைய பட்டறையோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். சுவடி ஓவியத்தின் கை இதில் தெரிகிறது என்பதே என் எண்ணமும். மரச்சாமானுக்கு வண்ணம் அடிப்பவர் ஒரு ரோஜா இதழுக்கு இவ்வளவு பொறுமை காட்ட மாட்டார்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அரச முத்திரை அல்ல, அறைகளிலும் இழுப்பறைகளிலும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன அடையாளங்கள்தான். லங்காஸ்டர் குலத்தின் சிவப்பு ரோஜாவையும் யார்க் குலத்தின் வெள்ளை ரோஜாவையும் ஒன்றாக்கிய, ஹென்றியின் டியூடர் குலத்து ரோஜா. ஹென்றியின் பாட்டி மார்கரெட் பியூஃபோர்ட் குடும்பத்தின் கிராதிக் கதவு. பிரான்ஸும் எங்களுடையதே என்று உரிமை கோரும் லில்லிப் பூ. இவை கணவன் பக்கம். மனைவியும் ஸ்பானிய இளவரசியுமான அரகான் கேத்தரின் பக்கம் ஒரு கோட்டை, ஒரு அம்புக்கட்டு, ஒரு மாதுளம்பழம். 1492-இல் அவள் பெற்றோர் கிரானடாவைப் பிடித்தார்கள். ஸ்பானிய மொழியில் மாதுளைக்கும் அதே பெயர். இருவர் பெயரின் முதல் எழுத்துகளும், ஹெச்சும் கே-யும், கூடவே நிற்கின்றன.

வண்ணம் தீட்டிய ஈரம் காய்ந்து சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1527-இல் இந்தத் திருமணத்தை ரத்து செய்ய வழி தேடினார் ஹென்றி. எழுதுவதென்றாலே அலுப்பும் வேதனையும் என்று அமைச்சர் வுல்ஸியிடம் சொல்லிக்கொண்டவர், ஆன் பொலினுக்குத் தன் கைப்பட எழுதிய 17 காதல் கடிதங்கள் இன்றும் வத்திக்கான் நூலகத்தில் இருக்கின்றன. ஒன்றில் அவள் பெயரெழுத்துகளைச் சுற்றி இதயம் வரைந்திருக்கிறார். அவற்றை எந்தப் பலகையில் வைத்து எழுதியிருந்தாலும், அவருடைய இந்தப் பெட்டிக்குள் அப்போதும் கேத்தரினின் மாதுளைதான்.

1533-இல் திருமணம் செல்லாது என்று பேராயர் கிரான்மர் தீர்ப்பளித்தார். கேத்தரின் அரசி அல்ல, ஹென்றியின் இறந்துபோன அண்ணன் ஆர்தரின் விதவை மட்டுமே என்று ஆக்கினார்கள். அவளோ கடைசிவரை அதை ஏற்கவில்லை. 1536 ஜனவரியில் கிம்போல்டன் கோட்டையில் இறந்தாள். அதே ஆண்டு மே மாதம், அவளுக்கு அடுத்து அரசியான ஆன் பொலினின் தலை போயிற்று. ஆனின் சின்னங்களை அகற்றியபோது ஹாம்ப்டன் கோர்ட் பெருமண்டபக் கூரையில் ஓரிரண்டு எழுத்துகள் வேலையாட்களின் கண்ணுக்குத் தப்பின. பெட்டியில் இருப்பது அப்படித் தப்பிய துண்டு துணுக்கு அல்ல. ஒருவர் உளிகொண்டு சுரண்ட வேண்டாம், தூரிகையால் ஒரு பூச்சு பூசியிருந்தாலே போதும். அதையும் யாரும் செய்யவில்லை.

பிறகு இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டி விடுகிறேன். 18-ஆம் நூற்றாண்டில் வெளிப்புறத்துக்கு ஷாக்ரீன் என்னும் சொரசொரப்பான மீன்தோல் போர்த்தினார்கள். டியூடர் காலத்து வெளித்தோற்றம் அத்தோடு போயிற்று. உள்ளே ஓவியங்கள் தங்கின. 1932-இல் பெட்டி அருங்காட்சியகத்துக்கு வந்தது.

இப்போது கண்ணாடிக்குள் திறந்தே இருக்கிறது. மன்னர் பார்த்த இடத்தில், ரோஜாவுக்கு அருகே அந்த மாதுளை.