தீ கண்ட தூள்

ஜொகூர் பாருவைச் சிங்கப்பூரோடு இணைக்கும் காஸ்வே 1919-ல் தொடங்கி 1924-ல் திறக்கப்பட்டது. 1,056 மீட்டர் நீளத்துக்கு நீரிணையை மேடாக்கிய கருங்கல், புலாவ் உபின், புக்கித் தீமா குவாரிகளில் உடைபட்டது. கல் உடைபடும் இடத்தில் தூள் குவியும். சிமென்ட்டுக்காகச் சூளையில் சுடும் ஒரு டன் கிளிங்கருக்கு முக்கால் டன்னுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறுவதால், சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து இந்தத் தூளைக் கலக்கலாமே என்ற யோசனை இன்று கவர்ச்சியாகத் தெரிகிறது. தூளின் நுண்மையைவிட அது தீயைக் கண்டதா என்பதே முக்கியம் என்பேன். நேப்பிள்ஸ் அருகே பொஸ்ஸுவோலியின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பில் குழைத்து ரோமானியர் கடலுக்குள்ளேயே துறைமுகம் கட்டினர். நம்மவர் எரிமலைக்குப் போகவில்லை, சூளைக்குப் போனார்கள். செங்கல்லை இடித்துச் சலித்த சுர்க்கி, சுண்ணாம்போடு சேர்ந்து 1887 முதல் 1895 வரை எழுந்த முல்லைப்பெரியாறு அணையின் வயிற்றுக்குள் கிடக்கிறது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக் நம்பிய காரை அதுதான். எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறும்போது அதிலுள்ள சிலிக்கா ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் கண்ணாடியாகிறது. சூளைச் சூட்டில் களிமண்ணின் கட்டுக்கோப்பு குலைகிறது. இரண்டும் சுண்ணாம்போடு எளிதில் ஒட்டும். கருங்கல்லோ பூமிக்கடியில் நெடுங்காலம் ஆறியது. அதன் குவார்ட்ஸ் படிகத்தைச் சாதாரணச் சூட்டில் சுண்ணாம்பு சீண்டாது.

அப்படியானால் கருங்கல் தூள் கலந்த கான்கிரீட்டும் சில சோதனைகளில் பலமாகத் தெரிவது எப்படி? சிறு அளவில் அது இடுக்குகளை அடைக்கிறது. அதை அடைப்பு என்று சொல்லலாம், பிணைப்பு என்று சொல்ல முடியாது. சுண்ணாம்புக்கல் தூள் ஒருவகை விலக்கு: ஐரோப்பியத் தரவிதி சில சிமென்ட்களில் அதை 35 விழுக்காடு வரை ஏற்கிறது. 'சிகாமட்டில் பசால்ட் உண்டே, அதுவும் எரிமலைக் கல்தானே' என்பாருக்கும் பதில் உண்டு: பசால்ட் பெரும்பாலும் படிகமாகிவிட்ட பாறை, பிறப்புச் சான்று மட்டும் போதாது.

ஜொகூரில் தீ கண்ட தூள் வேறிடத்தில் இருக்கிறது. செம்பனை ஆலைகள் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்துக் கொட்டும் சாம்பல் அது. ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதை நெடுங்காலமாக ஆராய்கிறார்கள். சலித்து, கரியை நீக்கி, மாவாய் அரைத்தால்தான் அது உதவும். கட்டட ஒப்பந்தக்காரரின் ஆட்சேபம் நியாயமானது: 28-ஆம் நாள் அந்தச் சாம்பல் கலந்த கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்த்தால் வெறும் சிமென்ட் கான்கிரீட்டைவிடப் பின்தங்கலாம், 90-ஆம் நாளில்தான் எட்டிப் பிடிக்கும். அதற்குள் பலகையைக் கழற்ற வேண்டும், கூலி கொடுக்க வேண்டும்.