ஒட்டின பிறகு திருத்த முடியாத வில்

போன எபிசோடில் மேரி ரோஸ் கப்பலைப் பற்றிப் பேசினோம். 1545-ல் மூழ்கி, 1982-ல் மேலே வந்த இங்கிலாந்துக் கப்பல். அதில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட வில்களில் ஒவ்வொன்றும் ஒற்றை யூ மரக்கட்டையில் செதுக்கியது. செய்தவர் கொஞ்சம் சீவுவார், வளைத்துப் பார்ப்பார், விறைப்பான இடத்தில் மறுபடி சீவுவார். அளவெல்லாம் கண்ணிலும் கையிலும்தான்.

அப்புறம் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன் வந்தார். பெல் லேப்ஸ் இயற்பியலாளர். 1918-ல் ராபர்ட் காடர்டோடு ராக்கெட் வேலை பார்த்தவர். 1930-களில் வில்லையும் அம்பையும் உட்கார்ந்து அளந்தார். உருண்ட முதுகைவிட தட்டையான, செவ்வக வெட்டுமுகம்தான் நல்லது என்பது அவர் கட்சி. 1950-ஐ ஒட்டி மிச்சிகனில் ஃபிரெட் பேர் மெல்லிய மரப் பட்டிகளின் இரண்டு பக்கமும் ஃபைபர் கிளாஸ் ஒட்டி வில் விற்க ஆரம்பித்தார்.

இங்கேதான் சிக்கல். வெளியே கிளாஸ் வந்துட்டா, அதைச் சீவ முடியாது. டெஸ்டிங் பண்ணிக்கிட்டே கோட் எழுதின காலம் போய், ஒரே ரிலீஸ், நோ ஹாட்ஃபிக்ஸ். பசை போடுறதுக்கு முன்னாடியே தடிமன் சரியா இருக்கணும்.

எவ்வளவு சரியா? விறைப்பு தடிமனின் மூன்றாம் மடிக்கு ஏற்ப ஏறும். 8 மி.மீ. இருக்க வேண்டிய கையில் 0.4 மி.மீ. கூடினா 5 சதவீதம்தான். ஆனா விறைப்பு 16 சதவீதம் ஏறும். 40 பவுண்டு வில் 46 ஆகிடும். அகலத்தைக் குறைத்துச் சமாளிக்கலாமே? அகலம் நேர்விகிதம், அதனால சுமார் 14 சதவீதம் வெட்டணும். கை பக்கவாட்டில் முறுக ஆரம்பிக்கும்.

அதனாலதான் வீட்டில் வில் செய்றவங்க உருளை சாண்டர் கட்டுறாங்க. பட்டிக்கு அடியில் ஆப்பு மாதிரி சரிவான பலகை, அங்குலத்துக்கு 0.002 அங்குலம் சரிவு. 36 அங்குலத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 1.8 மி.மீ. வித்தியாசம்.

நானும் ஒரு பட்டியை உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தேன். காலேஜ் லேபுக்கு அப்புறம் வெர்னியரைத் தொட்டதே அன்னிக்குத்தான். நடுவில் 2.6, ஓரத்தில் 2.1. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிந்தது.