ஆனிரை மீட்டல்

பண்டைத் தமிழ் மக்கள் ஆக்களையே செல்வமாகக் கொண்டனர். மாடு என்னும் ஒரு சொல்லே கால்நடைக்கும் செல்வத்துக்கும் பெயராய் வழங்குவது இதற்குப் போதிய சான்றாகும். அச்செல்வமோ பேழையிலிட்டுப் பூட்டற்பாலதன்று. காலுடைய செல்வமாதலின், மேய்ப்பான் சிறிது சோரின் தானே அகலும்; பகைவர் நெருங்கின் அவராற் கொள்ளப்படும். ஆகலின் அகன்ற ஆவைத் தேடிக் கொணர்தலும், கவரப்பட்ட நிரையை மீட்டலும் நம் முன்னோர்க்கு வாழ்வொடு பிணைந்த அறங்களாயின. அவ்வறம் தொண்டைநாட்டின்கண் நடந்துவந்த நெறியினை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

போர் ஒழுக்கங்களை வகுத்த நம் இலக்கண நூலார், நிரை கவர்தலையே போரின் தொடக்கமாக வைத்தனர். தொல்காப்பியர் கவர்தலையும் மீட்டலையும் வெட்சித் திணை ஒன்றனுள்ளேயே அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை இயற்றிய ஐயனாரிதனார் மீட்டலைக் கரந்தை எனத் தனித் திணையாக்கினார். மீட்கச் சென்று பட்ட வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் வழக்கமும் தொல்காப்பியத்துள்ளே காணப்படும். இவை புலவர் புனைந்த வழக்கமே என்பாரும் உளர். 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளிற் பட்டான் ஒருவனைக் குறிப்பது. ஆகோள் என்னும் இலக்கணச் சொல் கல்லின்மேலும் நிற்றலான், அவ்வையம் நீங்கிற்று.

இனித் தொண்டைநாட்டை நோக்குவாம். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, இந்நாட்டு ஆய்மகளின் வாழ்க்கையை விரித்துரைக்கும். அவள் மோர் விற்று உணவு கொள்வாள். நெய்யின் விலைக்குப் பொன் கொடுப்பினும் ஏலாது, எருமையும் நல்லாவுமே பெறுவாள். பொன்னினும் ஆவே சிறந்ததெனக் கொண்ட அக்குடியில், ஓர் ஆ இழக்கப்படுதல் எத்துணைத் துயராகும் என்பதைக் கூறவும் வேண்டுமோ!

இந்நாட்டின் மேல்பாலதாகிய செங்கம் பகுதி நடுகற்கள் மலிந்தது. அவற்றைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1972ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று நம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது. மகேந்திரவர்ம பல்லவனது முப்பத்துநான்காம் ஆட்சியாண்டிற் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காத்துப் பட்டான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரன் உருவின் அருகே அந்நாயின் உருவும் பொறிக்கப்பட்டுப் பெயரும் எழுதப்பட்டது. கோயில் எடுத்த மன்னர் பெயர் நிற்பது வியப்பன்று. நிரை காத்த நாயின் பெயரும் நிற்பதன்றோ வியப்பு!

அம்மகேந்திரனுடைய மைந்தன் மாமல்லன் பெயர் தாங்கும் கடன்மல்லையில், கண்ணன் மலையைக் குடையாக ஏந்தி ஆயரைக் காத்த காட்சி பாறையிற் செதுக்கப்பட்டுள்ளது. ஆங்கே கன்றை நக்கி நிற்கும் ஆவினிடத்து ஒருவன் பால் கறக்கின்றான். ஒருத்தி பாய்ச் சுருளும் உறியும் தாங்கி நிற்கின்றாள். முதியோன் ஒருவன் தோளிற் குழவி இருக்கின்றது. பெருமழையில் நிரை சிதறுதல் இயல்பு. சிதறாது ஒருங்கு கூடிய நிரையின் அமைதியையே சிற்பி காட்டினான்.

சோழர் காலத்துக் கோயில்களுக்கும் நிரைகள் உரியனவாயின. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களின்படி, ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை விடப்பட்டன. அவற்றை ஏற்றவன் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஆடு சாவாதிருத்தல் யாங்ஙனம்? இறந்ததற்கும் மூத்ததற்கும் ஈடாக வேறொன்று நிரப்பி, எண் குறையாது காத்தல் ஏற்றவன் கடன் என்பதே அதன் பொருள். ஒன்று தப்பிப்போயின் திருவிளக்கு மங்கும் என்னும் அச்சமே காவலாயிற்று.

ஆங்கில ஆட்சியில் இந்நெறி சட்டமாக மாறிற்று. 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம், பயிரை அழித்த மாட்டைப் பிடித்தவன் 24 மணி நேரத்துள் அதனைக் கொண்டித்தொழுவிற் சேர்க்க வேண்டும் என்றது. ஏழு நாளில் உடையவன் வாராவிடின் பறைசாற்றி அறிவிப்பர். மேலும் ஏழு நாள் கழியின் ஏலத்தில் விற்பர். தண்டமும் தீவனச் செலவும் இறுத்து மீட்டலே முறை. வலிந்து மீட்பானுக்கு ஆறு திங்கள் வரை சிறையோ, 500 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படும். நிரை மீட்டோனுக்குக் கல் நட்ட நாட்டில், மீட்டலே குற்றமாயிற்று! எனினும் சட்டத்தின்மேற் பழியில்லை. பண்டு பகைவன் கொண்டதை மீட்டனர். ஈண்டு உடையவன் சோர்வால் அயலான் பயிர் அழிகின்றது.

குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமானும் இவ்வறத்தை நமக்குக் காட்டினார். மேய்ப்பான் ஆவை அடிப்பது கண்டு பொறாத விசாரசருமர் தாமே நிரைகாவல் ஏற்றார், அவரே சண்டேசுரராயினார். சாத்தனூரில் மூலன் இறந்தபோது, அவனைச் சூழ்ந்து வருந்திய ஆக்களின் துயர் தீர்க்கவே சிவயோகியார் அவன் உடலிற் புகுந்து திருமூலராயினார். உயிரைப் பசு என்றும், இறைவனைப் பதி என்றும் நம் சித்தாந்தம் கூறும் பொருத்தம் ஈண்டு உணரத்தக்கது. பசு தானே நெறி அறியாது. அதனைத் தேடி வருபவன் பதி. ஓர் ஆவையேனும் தேடிச் செல்லாதவன், தன்னைத் தேடி வரும் அருளை யாங்ஙனம் உணர்வான்?

இந்நாளிற் செங்கழுநீர்ப்பட்டு நெடுஞ்சாலையிலும் கடன்மல்லைக் கடற்கரைச் சாலையிலும் ஆக்கள் இரவிற் படுத்துக் கிடத்தலைக் காண்கின்றோம். மேய்ச்சற்புறம் குறைந்தது, வீடும் சாலையும் மிகுந்தன. ஊர்திகள் மோதி ஆவும் அழிகின்றது, மக்களும் அழிகின்றனர். கறவை ஓய்ந்தபின் அவிழ்த்து விட்டு, யாரோ காப்பாரென்று இருத்தல் அறமாகாது. பிடித்து அடைக்கும் ஊராட்சியைப் பகைத்தலும் தகாது. மாலையில் எண்ணிக் கட்டுதலும், ஒன்று குறையின் விளக்கேந்தித் தேடுதலும் உடையவன் கடன். பசுவைத் தொழும் சைவ மக்கள் கோபூசைக்கு முன்னே இக்கடனை ஆற்றுவாராக. ஆற்றின், வெள்ளிக்கிழமையில் இடும் ஒருபிடி அகத்திக்கீரையும் மெய்யான பூசையாகும்.

சிவம்.