ஓர் இலை செடியான கதை

கட்டிப்போட்டால் குட்டிப்போடும் செடியின் இலையைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து, முளை விட்டதா என்று நீங்களும் திறந்து திறந்து பார்த்திருப்பீர்கள். அந்த இலையின் விளிம்பில் முளைகள் உண்டாவதற்கென்றே தனி இடங்கள் உண்டு. அப்படி எதுவும் இல்லாத இலையும் முழுச் செடியாக மாறுவதைக் காண வேண்டுமானால் ஆப்பிரிக்க வயலட்டை வளர்த்துப் பாருங்கள்.

பெயரில் வயலட் இருந்தாலும் இது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பிறப்பிடம் இன்றைய தான்சானியாவின் உசம்பரா மலைக்காடுகள். அப்பகுதி ஜெர்மானியரின் ஆட்சியில் இருந்தபோது, 1892-இல், தங்கா மாவட்ட அதிகாரியாக இருந்த வால்ட்டர் ஃபான் செயின்ட் பால் இச்செடியைக் கண்டு, ஜெர்மனியிலிருந்த தம் தந்தைக்கு அனுப்பி வைத்தார். அவரிடமிருந்து அது ஹெரன்ஹவுசன் தாவரத் தோட்டத்தின் ஹெர்மன் வெண்ட்லண்டின் கைக்குப் போயிற்று. வெண்ட்லண்ட் 1893-இல் அதற்குச் செயின்ட்பாலியா என்று பெயரிட்டார். மலைவாழ் மக்கள் அதை முன்பே பார்த்திருக்க மாட்டார்களா? அதனால்தான் 'கண்டுபிடித்தார்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

1926-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஆர்மகாஸ்ட்-ராய்ஸ்டன் பண்ணையினர் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விதை வரவழைத்தனர். முளைத்த ஏறத்தாழ 1000 நாற்றுகளைக் கழித்துக் கழித்து 10 வகைகளை மட்டும் வெளியிட்டனர். 'புளூ பாய்' அவற்றுள் ஒன்று. பிறகு வீட்டுக்கு வீடு இலைகள் கைமாறின.

இலையை மூன்று, நான்கு சென்டிமீட்டர் காம்புடன் வெட்டி, மணலும் இலைமக்கும் கலந்த தொட்டியில் காம்பை மட்டும் புதைத்து நிழலில் வையுங்கள். இலையில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் காம்பின் வழியே இறங்கி வெட்டுவாயில் சேர, அங்கே வேர் தோன்றுகிறது. பின்னர் காம்பின் மேல்தோல் செல்கள் பிரிந்து பிரிந்து புதுக் குருத்துகளை உண்டாக்குகின்றன. குட்டிச் செடிகள் மண்ணுக்கு மேல் எட்டிப் பார்க்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். பொறுமையில்லாமல் நீரை ஊற்றி நான் அழுகவிட்ட இலைகள் பல. இலையைவிடக் குளிர்ந்த நீர் மேலே பட்டாலும் வெளிறிய வளையங்கள் விழும்; வெப்பநிலை வேறுபாட்டின் வேலை அது. நம் சமவெளிக் கோடையும் இதற்கு ஆகாது.

குட்டிகள் பொதுவாகத் தாயின் நகலே. இதழில் பட்டை போட்ட சில வகைகள் மட்டும் விலக்கு. அவற்றின் உடலில் இருவகைத் திசுக்கள் அடுக்கடுக்காய் இருப்பதால், இலையிலிருந்து வரும் குட்டிக்குப் பட்டை பெரும்பாலும் தவறிவிடும்.

மரநிழலில், பாசி படர்ந்த பாறைகளில் வாழும் செடியாதலால் சன்னலோரத்து மங்கிய ஒளியே இதற்குப் போதும். ஆனால் உசம்பராவில் தேயிலைக்காகவும் மரத்துக்காகவும் காடு வெட்டப்பட்ட இடங்களில் பாறைமீது நேர் வெயில் விழ, செடி காய்ந்து மடிகிறது. வீட்டுத் தொட்டிகளிலோ சில மூதாதைகளின் வழிவந்தவைதாம் பெருகியிருக்கின்றன. மற்றப் பண்புகளெல்லாம் காட்டிலேயே இருக்கின்றன. கென்யாவின் டெய்ட்டா குன்றுகளில் இதன் உறவினச் செடி ஒன்று உண்டு; ம்பொலோலோ என்ற ஒரே குன்றின் காட்டில்தான் அது இயற்கையாக வளர்கிறது.