பைகுல்லா அருங்காட்சியகம்: ஒரு ஜீர்ணோத்தாரண வரலாறு

சிதைந்த ஆலயத்தைச் செப்பனிடும் பணிக்கு ஜீர்ணோத்தாரணம் எனப் பெயரிட்ட சமணச் சான்றோர், புதிய ஆலயம் எடுப்பிப்பதினும் உயர்ந்த புண்ணியமாக அதனைப் போற்றினர். ஆலயத்துக்குரிய இச்சொல் அறிவுக் கூடங்களுக்கும் பொருந்தும் என்பதற்கு, மும்பை மாநகரின் பைகுல்லாப் பகுதியில் உள்ள டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் தக்க சான்றாகும். அது தோன்றியதும் தளர்ந்ததும் மீண்டெழுந்ததும் சமணக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. ஏனெனில், அதன் பெயருக்குரிய பெருமகனார் சமண நூலாராய்ச்சிக்கும் தொண்டாற்றியவர்.

1851இல் இலண்டனிலும் 1855இல் பாரிசிலும் உலகப் பொருட்காட்சிகள் நடைபெற்றன. பாரிசுக்கு அனுப்பும்பொருட்டு மும்பை மாகாணத்தில் கைவினைப் பொருள்களும் விளைபொருள்களும் திரட்டப்பட்டன. அவற்றின் மறுபடிகளைக் கொண்டு கோட்டைப் பகுதியின் படைவீட்டில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது படையினருக்கு அவ்விடம் தேவைப்பட்டதால், பொருள்கள் அவசரமாக வெளியேற்றப்பட்டுப் பல பாழாயின. பின்னர்ப் பொறுப்பேற்ற மருத்துவர் ஜார்ஜ் பேர்ட்வுட் எஞ்சியவற்றைக் காத்தார். நகரப் பெருமக்கள் 1858இல் கூடி, அருங்காட்சியகத்துக்கெனத் தனி மாளிகை எழுப்ப முடிவு செய்தனர். ஜகந்நாத் சங்கர்சேட், டேவிட் சாசூன் முதலிய வணிகப் பெருமக்கள் இம்முயற்சிக்குத் துணை நின்றனர்.

1862இல் ஆளுநர் சர் பார்ட்டில் ஃபிரியர் அடிக்கல் நாட்டினார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறி, மும்பையில் செல்வம் கொழித்த காலம் அது. 1865இல் போர் முடிந்ததும் பருத்தி விலை வீழ்ந்தது. பங்கு வணிகம் சரிந்தது. செல்வர் பலர் நொடித்தனர். நன்கொடை வறண்டு கட்டடப் பணி தடைப்பட்டது. இறுதியில் அரசின் துணையுடன் பணி நிறைவேறி, 1872ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்னும் பெயருடன் மாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

புறத்தோற்றத்தில் அடக்கமான அம்மாளிகை, உள்ளே நுழைவோரை வியக்க வைப்பது. உயர்ந்த கூரையைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்களும், மேல்மாடத்தைச் சுற்றிய இரும்புக் கிராதிகளும், மின்டன் ஓடுகள் பதித்த தரையும், விதானத்தின் பொன்முலாம் வேலைப்பாடும் அதன் சிறப்புகள். பிதரி உலோக வேலை, தந்தச் செதுக்கு, மட்பாண்டங்கள், நிலப்படங்கள் ஆகியவற்றோடு, மும்பையில் வாழ்ந்த பல்வேறு சமூகத்தாரையும் தொழிலாளரையும் காட்டும் சிறு களிமண் பாவைகளும் அங்கே உள்ளன. அந்நகரம் தன்னைத் தானே கண்டுகொள்ளும் இடமாக அது அமைந்தது.

இத்திட்டத்தை முன்னின்று நடத்திய குழுவின் செயலராகத் திகழ்ந்தவர் பாவு தாஜி லாட். கோவாவின் சிற்றூரொன்றில் எளிய குடும்பத்தில் பிறந்து, மும்பையில் கல்வி பயின்றவர். இளமையிலேயே, கத்தியவார், கட்ச் பகுதிகளில் நிலவிய பெண் சிசுக்கொலையைக் கண்டித்துக் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றார். 1851இல் கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் முதல் மாணாக்கர் குழுவில் பட்டம் பெற்று, ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்தார். சமணம் வகுத்த நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் சாத்திர தானமும் அடங்கும். பிறப்பால் சமணர் அல்லராயினும், அவ்விரண்டையும் ஒருங்கே செய்தவர் அவர்.

மருத்துவத் தொழிலுக்கிடையே கல்வெட்டுகளையும் நாணயங்களையும் ஏட்டுச் சுவடிகளையும் ஆராய்ந்த பாவு தாஜி, மேருதுங்கரின் தேராவலியைப் பற்றி எழுதினார். ஆசாரிய பரம்பரையையும் அரசர் காலங்களையும் வரிசைப்படுத்தும் நூல் அது. பகவான் மகாவீரர் பரிநிர்வாணம் அடைந்து 470 ஆண்டுகளுக்குப் பின் விக்கிரம சகாப்தம் தொடங்கியதென்னும் கணக்கு அம்மரபினது. இன்று வழங்கும் வீர நிர்வாண ஆண்டும் கி.மு. 527 என்னும் அக்கணக்கையே அடியொற்றியது. ஆசாரியர் ஹேமசந்திரரைப் பற்றியும் அவர் குறிப்புகள் வரைந்தார். சுவேதாம்பர மரபு நூல்களே அவை எனினும், சமண வரலாற்றின் கால அடைவை ஆராய முற்பட்ட தொடக்ககால இந்திய அறிஞருள் அவர் ஒருவர் என்பது நினைக்கத்தக்கது.

அவரிடம் பணியாற்றிக் கல்வெட்டுகளைப் படியெடுத்து வந்தவர் பகவான்லால் இந்திராஜி. அவரே பிற்காலத்தில் ஒடிசாவின் உதயகிரி அத்திகும்பாக் கல்வெட்டை ஆராய்ந்து, அதற்குரிய கலிங்க வேந்தன் பெயர் காரவேலன் என்பதை உலகறியச் செய்தார். அவரது ஆய்வு 1885இல் வெளியாயிற்று. அருக வணக்கத்தோடு தொடங்கும் அக்கல்வெட்டில் தமிழ் வேந்தரின் கூட்டணியைப் பற்றிய குறிப்பும் உண்டென்பர்.

பாவு தாஜி 1874இல் மறைந்தார். நூறாண்டுக்குப் பின்னர், 1975இல், அருங்காட்சியகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் பெயர் மாறியதால் மாளிகையின் நிலை மாறவில்லை. கடற்கரை நகரின் ஈரக்காற்றும் ஆண்டுதோறும் பொழியும் கனமழையும் போதிய பராமரிப்பின்மையும் அதனை நலியச் செய்தன. கூரை ஒழுகியது, பொன்முலாம் மங்கியது, காட்சிப் பொருள்கள் பழுதுற்றன. தோட்டத்துக்கு வருவோர் பலர் மாளிகையைக் கடந்து சென்றனரேயன்றி உள்ளே புகவில்லை.

2003இல் மும்பை மாநகராட்சியும் இன்டாக் என்னும் பண்பாட்டு மரபுக் காப்பு அமைப்பும் ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளையும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தஸ்னீம் ஜக்கரியா மேத்தாவின் தலைமையிலும் கட்டடக் கலைஞர் விகாஸ் திலாவரியின் வழிகாட்டுதலிலும் பணி நடைபெற்றது. இடித்துக் கட்டுவதோ புதுவண்ணம் பூசி மறைப்பதோ அவர்கள் நோக்கமன்று. பிற்காலப் பூச்சுகளை அடுக்கடுக்காக நீக்கி அடியிலிருந்த மூல வண்ணத்தைக் கண்டறிந்தனர். விதான ஓவிய வேலையையும் பொன்முலாமையும் கைவினைஞரைக் கொண்டு மீட்டனர். பழைய காட்சிப் பேழைகளைச் செப்பனிட்டனர். கலைப்பொருள்களைத் தனித்தனியே ஆய்ந்து பழுது நீக்கினர். கட்டடச் சீரமைப்புக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதுகளுள் முதன்மையான பரிசு 2005இல் கிடைத்தது. 2008 ஜனவரியில் அருங்காட்சியகம் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

மாளிகைக்கு வெளியே கல்யானை ஒன்று நிற்கிறது. எலிஃபண்டா தீவுக்கு அப்பெயர் வரக் காரணமான யானை அதுவே. 1864இல் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது பாரந்தூக்கி முறிந்து, சிலை கீழே விழுந்து துண்டு துண்டாயிற்று. அரைநூற்றாண்டுக்குப் பின் அத்துண்டுகள் ஒன்றுசேர்க்கப்பட்டன. துண்டுகளை எவரும் எறிந்துவிடவில்லை. அதனாலேயே யானை மீண்டும் எழுந்து நின்றது.

இவ்வரலாறு தமிழ்ச் சமணருக்கு அயலானதன்று. திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகரத் தளபதி இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில், தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. டி. என். இராமச்சந்திரன் அவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. காலத்தால் மங்கிய பகுதிகளை இன்று அறிந்துகொள்ள அத்தகைய பதிவுகளே கைவிளக்கு.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் ஜினாலயத் திருப்பணிகள் பக்தியோடு நடைபெறுகின்றன. அப்பக்தியோடு பைகுல்லா காட்டிய பொறுமையும் சேர வேண்டும். சுண்ணாம்பு அடிக்குமுன் சுவரில் ஓவியம் உண்டா என நோக்குதல். தளத்தில் கருங்கல் பாவுமுன் பழைய கல்லில் எழுத்து உண்டா எனத் தேடிப் படியெடுத்தல். மணல் பீய்ச்சிக் கற்களைத் தூய்மை செய்யாதிருத்தல். பழுதுற்ற திருமேனிகளையும் பரணில் கிடக்கும் ஏடுகளையும் புகைப்படமெடுத்துப் பட்டியலிடுதல் ஆகியவை பெரும்பொருள் வேண்டாத பணிகள். திருப்பணிக் குழுவில் கல்வெட்டறிந்த ஒருவருக்கும் மரபுச் சிற்பி ஒருவருக்கும் இடமளித்தால் இவை எளிதில் கைகூடும்.

பைகுல்லாவில் மூல வண்ணம் பிற்காலப் பூச்சுகளின் அடியில் அழியாமல் காத்திருந்தது. தமிழ்நாட்டு ஜினாலயச் சுவர்களிலும் அவ்வாறு காத்திருப்பது எதுவெனப் பார்த்த பின்னரே கரணை எடுத்தல், முன்னோருக்கும் பின்னோருக்கும் செய்யும் அறமாகும்.