விவிலியத்தில் உணவும் திறையும்: சாலொமோன் அரண்மனைப் பட்டியல் பற்றிய ஒரு நோக்கு

விவிலியத்திற் கூறப்படும் உணவு வகைகளைத் தொகுத்தோர் பலர். அவ்வுணவை விளைவித்தோர் யார், உண்டோர் யார் என்னும் வினாவை அத்தொகுப்புகள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இவ்வினாவுக்கு விடை தேடுமிடத்து, இராஜாக்கள் முதலாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் வரும் அரண்மனைப் பட்டியலை நாம் முதலில் நோக்குதல் தகும்.

சாலொமோன் அரண்மனையின் ஒரு நாட் செலவு, மெல்லிய மா 30 கோர், சாதாரண மா 60 கோர், கொழுத்த மாடுகள் 10, மேய்ச்சல் மாடுகள் 20, ஆடுகள் 100. இவற்றோடு மான்களும் கொழுத்த பறவைகளும். தமிழ் மொழிபெயர்ப்பிற் ‘கோர்’ என்பது ‘மரக்கால்’ ஆகிவிட்டமையால் இவ்வளவின் பருமை எமக்குப் புலப்படுவதில்லை. ஒரு கோர் பத்து எப்பா. ஆய்வாளர் மதிப்பீடுகள் வேறுபடினும் ஏறத்தாழ 200 லீற்றர் எனக் கொள்வது மிகையாகாது.

போவாசின் வயலில் மாலைவரை கதிர் பொறுக்கிய ரூத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஓர் எப்பா வாற்கோதுமை. அதுவும் நிலவுடைமையாளனின் தனித் தயவினால். அரண்மனையின் ஒரு நாள் மாவோ 900 எப்பா. இரு நூல்களும் வெவ்வேறு காலத்தைப் பேசுவன, அளவை ஒன்றே. அப்பட்டியலையடுத்து வாற்கோதுமையும் குறிப்பிடப்படுகின்றது, குதிரைத் தீவனமாக!

இப்பொருள்களைத் திரட்டப் பன்னிரு அதிகாரிகள் நியமிக்கப்பட்டிருந்தனர். ஆண்டில் ஒவ்வொரு மாதம் ஒவ்வொருவர் பொறுப்பு. யூதா இவ்வேற்பாட்டினுள் அடங்கியதா என்பது விவாதத்துக்குரியது. அடங்கவில்லையெனின் வடபகுதிக் கோத்திரங்களே முழுச் சுமையையும் தாங்கின. சாலொமோன் இறந்ததும் பிரிந்து சென்றவர்கள் அவர்களே. கட்டாய வேலைக்குப் பொறுப்பாயிருந்த அதோராமைக் கல்லெறிந்து கொன்றவர்களும் அவர்களே.

பட்டியலின் எண்கள் மிகையானவை என ஆய்வாளர் பலர் கருதுவர். நூல் இறுதி வடிவம் பெற்றது பல நூற்றாண்டுகளின் பின்னராகும். ஆயினும் அதனை எழுதியோர் எதனை அரச பெருமையெனக் கொண்டனர் என்பது சமூக வரலாற்று மாணவர்க்கு முக்கியமானது. மேலும், பிற்காலத்துக்கேனும் எம்மிடம் தொல்பொருட் சான்று உண்டு. 1910இல் சமாரியாவின் அரண்மனைப் பகுதியில் ஹார்வார்ட் பல்கலைக்கழக அகழ்வாய்வினர் கண்டெடுத்த, மையால் எழுதிய பானையோடுகள் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குரியவை. ஊர்ப்பெயர், ஆட்பெயர், பழைய திராட்சை இரசம் ஒரு சாடி, எண்ணெய் ஒரு சாடி என்றவாறு அவை அமைந்துள்ளன. அவை அரச வரியா, பிரபுக்களின் நில வருவாயா என்பதில் கருத்தொருமை இல்லை. எவ்வாறாயினும் ஊரில் விளைந்தது தலைநகருக்குச் சென்றது.

அந்நூற்றாண்டிலேயே, மந்தை மேய்த்தும் காட்டத்திப் பழம் சேகரித்தும் வாழ்ந்த ஆமோஸ், ஏழைகளிடம் தானியம் பறிப்போரையும், கிண்ணங்களில் இரசம் அருந்தி உயர்ந்த எண்ணெய் பூசுவோரையும் கண்டித்தார். ஓடுகளிற் குறிக்கப்பட்ட அவ்விரு பொருள்களே அவர் வாக்கிலும் வருவதை நாம் தற்செயலெனக் கொள்வதற்கில்லை.